ஒரு பின்னல் நீள மெட்டு

நாற்பது ஆண்டுகளாகத் தொலைந்து கிடந்த ஒரு மெட்டை, ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு, கண்ணை மூடித் திறப்பதற்குள் கண்டுபிடித்துக் கொடுத்தவள் நான். இதை இதுவரை ஐந்நூறு பேரிடமாவது சொல்லியிருப்பேன். சரி, ஐந்நூறு கொஞ்சம் அதிகம். முப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடித் திறப்பதற்குள் என்பதும் அதிகம், எட்டு நாள் பிடித்தது. கண்டுபிடித்தது நான்தானா என்று துருவினால், அதுவும் அதிகம்தான். ஆனால் அது கண்டுபிடிக்கப்பட்ட நேரத்தில் அதே அறையில், இருப்பதிலேயே நல்ல நாற்காலியில், நான் உட்கார்ந்திருந்தேன். அதை யாரும் மறுக்க முடியாது.

மெட்டுக்குச் சொந்தக்காரன் என் தங்கை மகன். வாஷிங் மெஷின் பழுது பார்ப்பவன். எங்கள் குடும்பத்தில் அவனுக்கு ‘நிதானம்’ என்று பெயர். பிறந்ததே பத்து நாள் தாமதமாகத்தான். பள்ளியில் ஒருமுறை ஓட்டப் பந்தயத்தில் சேர்த்துவிட்டார்கள்; அந்த வருடம் ஓடத் தொடங்கியவன் அடுத்த வருடப் பந்தயத்தில் முதலாவதாக வந்தான் என்று நான் சொல்வதுண்டு. பேச்சும் அப்படித்தான். ‘வர்றியா?’ என்று கேட்டால், அவன் ‘வரேன்’ என்று சொல்லி முடிப்பதற்குள் நாம் போன இடத்தில் வேலையை முடித்துக்கொண்டு திரும்பிவிடலாம்.

ஆனால் தொழிலில் அந்த நிதானம்தான் அவனுக்குச் சோறு போட்டது. ஒரு வீட்டுக்குப் போனால் எடுத்த எடுப்பில் எதையும் கழற்ற மாட்டான். மெஷினைக் காலியாகச் சுற்றவிட்டு, நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை அதன் வயிற்றில் ஊன்றி, கைப்பிடியைத் தன் காதோடு ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்பான். மூச்சை இழுத்து விடச் சொல்லாதது ஒன்றுதான் பாக்கி. பேரிங் தேய்ந்தால் ஒரு சத்தம், பெல்ட் தளர்ந்தால் ஒரு சத்தம், யாருடைய சட்டைப்பையிலிருந்தோ விழுந்த சாவி என்றால் ஒரு சத்தம். மெஷினோடு மட்டும் வாய் ஓயாமல் பேசுவான். “என்னம்மா, எங்க வலிக்குது? பொறு, பொறு, பாத்துடலாம்.” மனிதர்கள் மூன்று பேருக்கு மேல் சேர்ந்து நின்றால் வாய் ஒட்டிக்கொள்ளும். மெக்கானிக்குகள் சங்கத்து ஆண்டுக் கூட்டத்தில் நன்றி சொல்லச் சொல்லி ஒருமுறை எழுப்பிவிட்டார்கள். எழுந்தான், எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தான், தண்ணீர் குடித்தான், உட்கார்ந்தான். அதற்குக் கைதட்டலும் வாங்கினான்.

இனி மெட்டுக்கு வருகிறேன். வாயைத் திறக்காமல் தொண்டையிலேயே முனகுகிற மெட்டு அது. அவன் மனைவி மருத்துவமனையில் நர்ஸ். காலை ஆறு மணி ஷிஃப்ட். ஆகவே ஒரே மகள் பள்ளிக்குப் போன பன்னிரண்டு வருடமும் அவளுக்குத் தலை பின்னிவிட்டது அப்பன்தான். பின்னும்போது முனகுவான். மெட்டு தொடங்கும்போது தலைமுடி மூன்றாகப் பிரியும். முடியும்போது ரிப்பன் முடிச்சு விழும். ஒற்றைப் பின்னலுக்கு ஒரு தடவை, இரட்டைப் பின்னலுக்கு இரண்டு தடவை. கடிகாரம் வைத்துப் பார்த்தாலும் ஒரு நொடி கூடாது, குறையாது.

அந்த மகள் இப்போது கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். தலைமுடியைக் காதுவரை வெட்டிக்கொண்டுவிட்டாள். பேக்கரியில் ரொட்டி போடுகிற ஒரு பையனைப் பிடித்துப்போய்க் கல்யாணம் நிச்சயமாயிற்று. பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, மறுநாள் மதியம் ஒரு கூடத்தில் விருந்து. விருந்துக்கு எல்லாரும் உட்கார்ந்த பிறகு, மணப்பெண் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வருவாள்; வரும்போது ஏதாவது ஓர் இசை ஒலிக்கும். ஏற்பாடு அவ்வளவுதான்.

நான் இரண்டு வாரம் முன்னதாகவே உதவிக்கு என்று போய், அவர்களுடைய வேலையை இரட்டிப்பாக்கிக்கொண்டிருந்தேன். ஆகவே பேச்சு முழுதும் என் காதில் விழுந்தது.

“அப்பா, நான் உள்ள வரும்போது நம்ம பின்னல் மெட்டுதான் போடணும்.”

“அதும்மா... அது சின்ன வயசுல டிவில வந்தது. பிள்ளைங்க நிகழ்ச்சி. பாட்டெல்லாம் கிடையாது, வெறும் வாத்தியம்.”

“சரி, எந்த நிகழ்ச்சி?”

“அதான் தெரியாதே.”

“அதுக்கு அப்புறம் எப்படிப் போகும்? நீ எப்பவும் பாதியில நிறுத்திட்டு மறுபடி மொதல்லேர்ந்து வர.”

“அதுவும் தெரியாதே.”

மகள் இடுப்பில் கை வைத்தாள். “பன்னெண்டு நாள் இருக்கு. கண்டுபிடி. இல்லன்னா அன்னைக்கு நூத்தியிருபது பேருக்கு முன்னாடி மைக்க புடிச்சி நீயே முனகணும்.”

நிதானத்தின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. வாஷிங் மெஷினுக்குள் அவனையே போட்டுச் சுற்றவிட்ட மாதிரி ஆகிவிட்டது. “வேற ஏதாவது நல்ல பாட்டா...”

“வேற பாட்டுன்னா வேற பொண்ணப் பாத்துக்கோ.”

அவன் மனைவி உள்ளேயிருந்து ஈரக் கையோடு வந்தாள். “இருபத்தாறு வருஷமா இந்த இழுவையக் கேட்டுக்கிட்டு இருக்கேன் அத்தை. உலகத்துல வேற யார் வாயிலயும் கேட்டதில்ல. இவராவே கட்டினதா இருக்கும். டிவி மேல பழி போடறார்.”

மகளுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. கண்டுபிடிக்காவிட்டால் மைக். நிதானம் தன் வாழ்க்கையில் முதன்முறையாக அவசரப்பட்டான். அதாவது, மறுநாளே தொடங்கினான்.

முதலில் போன். முனகினால் என்ன பாட்டென்று சொல்லிவிடும் வசதி ஒன்று போனில் இருக்கிறதாம். மகள் போனை அவன் வாய்க்கு நேரே பிடித்தாள். முனகினான். போன் வெகுநேரம் யோசித்தது. பிறகு, ஏதோ ஒரு தேசத்து ராணுவத்தின் இறுதி ஊர்வல இசை என்று சொன்னது. மறுபடி முனகினான். இந்த முறை, மாடுகளைத் தூங்கவைக்கும் இசை என்றது. மூன்றாவது முறை, ‘சத்தம் எதுவும் கேட்கவில்லை’ என்று கைவிரித்துவிட்டது.

அடுத்து, கடைத்தெருவில் இருக்கும் வாத்தியக் கடைக்காரர். ஐம்பது வருடப் பழைய இசைத்தட்டுகளையெல்லாம் அலமாரியில் அடுக்கி வைத்திருப்பவர். நானும் கூடப் போனேன், துணைக்கு. இவன் முனகினான். அவர் கிட்டாருக்குக் கம்பி மாற்றிக்கொண்டே கேட்டார்.

“இதுல நடுவுல ஒரு இடத்துல நிக்குதே, அது என்ன? ரெண்டு தாளம் காலியா விட்டுட்டு அப்புறம் எடுக்கறீங்க.”

“அது அப்படித்தாங்க வரும்.”

“எந்த வாத்தியக்காரனும் அங்க நிறுத்த மாட்டானே. சரி, டிவில அப்போ என்ன படம் ஓடும்? அத வச்சுப் பிடிக்கலாம்.”

நிதானம் தயங்கவே இல்லை. “நிலா வெளிச்சங்க. பெரிய ஏரி. ஒரு படகு, ஆளே இல்லாம, மெதுவாப் போகும்.”

கடைக்காரர் அசந்துபோனார். அவ்வளவு துல்லியம். ஏரி வருகிற நிகழ்ச்சி, படகு வருகிற நிகழ்ச்சி என்று மூன்று நாள் தேடினார், நல்ல மனிதர். தனக்குத் தெரிந்த நான்கு பேரைத் தேடவைத்தார். படகு கிடைத்தது, ஏரி கிடைத்தது, நிலாவும்கூடக் கிடைத்தது. மெட்டுதான் கிடைக்கவில்லை.

ஏழாம் நாள், வேறு ஊரில் இருக்கும் தன் அக்காவுக்குப் போன் போட்டான். அக்காவுக்கு மெட்டு அப்படியே நினைவிருந்தது; ஏறக்குறைய அதே வேகம், அதே இடத்தில் அதே நிறுத்தம். அவளும் பாதியில்தான் நிறுத்தினாள். நிதானத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

“அக்கா, அந்தப் படகு வர்ற நிகழ்ச்சி பேரு என்னக்கா?”

“எந்தப் படகு? யானைடா.”

“யானையா?”

“யானை குளிக்கும். தும்பிக்கையால தண்ணிய மேல விட்டுக்கும். நல்லா பாத்த மாதிரி ஞாபகம் இருக்கு.”

“நிலா வெளிச்சத்துல படகுக்கா!”

“பைத்தியமா உனக்கு? நீ அப்போ ஏழு வயசு. எனக்குப் பத்து. யார் சொல்றது சரியா இருக்கும்?”

போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு ஐம்பது வயதை நெருங்கும் இரண்டு பேரும் யானைக்கும் படகுக்கும் அடித்துக்கொண்டார்கள். அப்போதுதான் நான் குறுக்கே புகுந்தேன். என் பங்கு என்று பெருமையடித்துக்கொள்வதற்கு இருப்பது இந்த ஓர் இடம்தான், ஆகவே சற்று நின்று சொல்கிறேன்.

“ஏண்டா, நீங்க ரெண்டு பேரும் அதப் பாக்கவே இல்லியேடா! உங்க வீட்டுல டிவியே கிடையாதே!”

யானையும் படகும் ஒரே நேரத்தில் நின்றன.

அவர்களுடைய அப்பா, என் தங்கை வீட்டுக்காரர், ஒரு பள்ளி விடுதியில் குழாய், மின்விளக்கு, கதவு எல்லாம் பராமரிக்கிற வேலையில் இருந்தார். டிவி இருந்தது விடுதிக் கூடத்தில் மட்டும். அடுத்த வீட்டு ஜன்னலில் தொங்கிக்கொண்டு பார்க்கத் தன் பிள்ளைகளை அவர் விட மாட்டார், ரோஷக்காரர். ஆகவே ஒருநாள், எங்கேயோ ஒரு டேப் ரெக்கார்டரை இரவல் வாங்கிக்கொண்டுபோய், விடுதி டிவியின் முன்னால் வைத்து, பிள்ளைகள் நிகழ்ச்சியின் சத்தத்தை மட்டும் ஒரு கேசட்டில் பிடித்துக்கொண்டு வந்தார். வீட்டிலிருந்த பழைய பிளேயரில் பிள்ளைகள் அதைப் போட்டுப் போட்டுக் கேட்டார்கள். பள்ளியில் மற்ற குழந்தைகள் ‘நேத்து டிவி பாத்தியா?’ என்று கேட்டால், இவன் ‘கேட்டேன்’ என்பான். மெட்டு பாதியில் நின்றதற்குக் காரணம், அந்த இடத்தில் டேப் தீர்ந்துபோனது.

“அப்போ படகு?” என்றான் நிதானம், மிகவும் மெதுவாக.

“நீயே விட்ட படகுதான்.”

“அந்த ரெண்டு தாளம் நிக்கிற இடம்...” என்றாள் போனில் அக்கா. பிறகு, குரல் மாறி, “டேய், அது அப்பா இருமினதுடா. அந்த இடத்துல அப்பா இருமுவாரு. பாட்டு கேக்காது.”

 பிறகு இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சிரிக்கத் தொடங்கினார்கள். நாற்பது வருடமாக அவர்கள் அப்பாவின் இருமலுக்கு இடம் விட்டுத்தான் முனகிக்கொண்டிருந்தார்கள்.

இதெல்லாம் சிரிக்க நன்றாக இருந்தது. ஆனால் இருந்த ஒரே துப்பும் போயிற்று. படகும் இல்லை, யானையும் இல்லை, நிகழ்ச்சியின் பெயரும் இல்லை. இன்னும் ஐந்தே நாள். நிதானம் கண்ணாடி முன்னால் நின்று ஒரு கரண்டியை மைக் போலப் பிடித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். 

எட்டாம் நாள், சம்பந்தியம்மாவுக்கு நாற்காலிக் கணக்கு சொல்ல வேண்டியிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா பேருந்துப் பணிமனையில் நேரக்காப்பாளர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் அந்த அம்மாள் கையில் இருக்கும் விசிலில் இருக்கிறது. உட்கார்ந்து சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. மெட்டு விஷயத்தை மாப்பிள்ளை வீட்டாருக்கு ஆச்சரியமாக வைத்திருக்கலாம் என்று மகள் சொல்லியிருந்ததால், அவரிடம் யாரும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

நிதானம் அவருக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினான். “சம்பந்தியம்மா... நல்லா இருக்கீங்களா... இந்த நாற்காலி விஷயமா... எங்க பக்கம் எத்தனைன்னா...” என்று தொடங்கி, மனசுக்குள் ஆட்களை எண்ணத் தொடங்கினான். எண்ணும்போது அவனுக்கு வாய் சும்மா இருக்காது, முனகுவான். முழு மெட்டும் முனகி முடித்த பிறகு, “அறுபத்தஞ்சுங்க” என்று சொல்லி அனுப்பினான்.

“அறுபத்தஞ்சுன்னு சொல்ல மூணு நிமிஷம்” என்றாள் அவன் மனைவி.

ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, போன் அலறியது. பின்னணியில் பேருந்துகளின் உறுமல், நடுவில் அந்த அம்மாளின் குரல்.

“அண்ணா, ரெண்டு பக்கமும் சேத்து, பத்து உபரியோட, நூத்திமுப்பது நாற்காலி சொல்லிடறேன். அது கெடக்கட்டும். நடுவுல அந்தத் தபால்காரர் மெட்டு முனகினீங்களே, அது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எந்த... தபால்காரர்?”

“நாய் தொரத்துமே, அந்தத் தபால்காரர்! ‘பொத்தான் ஊர்’ நிகழ்ச்சி! வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி! நாங்க வீட்டுல ஏழு பேரும் அந்த மெட்டு வந்தா கட்டிலச் சுத்தி ஓடுவோம். டண்டண டண்டண டண்டணக்...”

“இல்லிங்க, நான் முனகினது ரொம்ப மெதுவா, சோகமா...”

“என்னண்ணா சோகம்? நாய் அவர் கால்சட்டையக் கவ்வும்! வயிறு வலிக்கச் சிரிப்போம்!”

மகள் போனைப் பிடுங்கினாள். “அத்தை, ஒரு நிமிஷம். அப்பாவோட மெசேஜ நீங்க எந்த ஸ்பீடுல கேட்டீங்க?”

“நான் என்னைக்கு யார் பேசுறதையும் ஒண்ணுல கேட்டிருக்கேன்? ரெண்டுல. தப்பா நெனச்சிக்காத, உங்கப்பாவ ரெண்டுல கேட்டாத்தான் மனுஷன் பேசுற மாதிரியே இருக்கு.”

மகள் எங்களைப் பார்த்தாள். பிறகு, அப்பன் அனுப்பிய செய்தியை இரட்டை வேகத்தில் போட்டாள். இருபத்தாறு வருடம் இழுவை என்று பெயர் வாங்கிய மெட்டு, சின்னக் குழந்தை படியில் குதித்துக் குதித்து இறங்குவது போல ஓடிற்று. அவன் மனைவியின் கால் தானாகத் தாளம் போட்டது. உடனே காலைப் பார்த்து அதட்டுவது போல முறைத்தாள்.

பெயர் தெரிந்த பிறகு என்ன? யாரோ ஒரு புண்ணியவான் அந்த நிகழ்ச்சியின் ஒரு துண்டை இணையத்தில் போட்டு வைத்திருந்தார். இஸ்திரி போடும் மேசை மேல் போனைச் சாய்த்து வைத்து நாங்கள் நால்வரும் தலையைத் தலையோடு முட்டிக்கொண்டு பார்த்தோம். நான் இருப்பதிலேயே நல்ல நாற்காலியில் இருந்தேன் என்று சொன்னேன் அல்லவா?

வீடுகள் எல்லாம் பொத்தான், மரங்கள் எல்லாம் கம்பளி நூல். தீப்பெட்டியைப் பையாக மாட்டிக்கொண்டு ஒரு குட்டித் தபால்காரர் வருகிறார். மூலையிலிருந்து கம்பளி நாய் எட்டிப் பார்க்கிறது. அவ்வளவுதான், மெட்டு எடுக்கிறது. நிதானம் தன் வாழ்க்கையில் முதல்முறையாக அந்த நிகழ்ச்சியைப் பார்க்கிறான். வாய் திறந்திருக்கிறது. தபால்காரர் ஓடுகிறார், நாய் ஓடுகிறது, பொத்தான் வீடுகள் குலுங்குகின்றன. இருமல் வர வேண்டிய இடம் நெருங்கியதும் அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். மெட்டு நிற்காமல் தாண்டிப் போயிற்று.

“அட, அங்க இந்தச் சத்தமா இருந்தது!” என்றான்.

பிறகு டேப் தீர்ந்துபோன இடம் வந்தது. நாங்கள் எல்லாருமே நிற்கும் என்று எதிர்பார்த்தோம், பழக்க தோஷம். நிற்கவில்லை. ஒரு சீட்டி கிளம்பிற்று, அதன் பின்னாலேயே ஒரு முரசு. மெட்டு வளைந்து மேலே ஏறிற்று.

“இன்னும் இருக்கா?” என்று கேட்டான் நிதானம். ஏழு வயதுப் பையன் கேட்பது போலவே இருந்தது. “இன்னும் இருக்கும்மா! பாரேன், போய்க்கிட்டே இருக்கு!”

பாதிப் படியில் நாற்பது வருடம் நின்றவன் மொட்டை மாடிக்குப் போய்க் காற்று வாங்கினதைப் போல இருந்தான். பதினேழு தடவை போட்டுப் பார்த்தோம். அவன் அக்காவுக்கு அனுப்பினோம். அவளிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது: ‘யானை எங்கேடா?’

பதினெட்டாவது தடவை போடும்போது அவன் திடீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டான். “பெல்ட்டு!”

“என்ன பெல்ட்டு?”

“அந்தக் கேசட் பிளேயர்ல பெல்ட்டு அறுந்து போச்சு பெரியம்மா. அம்மா தைக்கறவங்கதானே? கால்சட்டை இடுப்புக்குப் போடற எலாஸ்டிக்க வெட்டி, வளையமாத் தச்சு மாட்டிட்டாங்க. எலாஸ்டிக் வழுக்கும். வழுக்கினா மெதுவாத்தான் சுத்தும். தெனம் மூணு வீட்டுல நானே சொல்றேன், டிரம் மெதுவா சுத்துதுன்னா மொதல்ல பெல்ட்டப் பாருங்கன்னு. என் தலைக்குள்ள சுத்தினத மட்டும் நான் பாக்கவே இல்லியே!”

எலாஸ்டிக் பாதி குறைத்தது, இவனுடைய நிதானம் மீதியைக் குறைத்தது. படகும் யானையும் அந்த வேகத்துக்குத் தோதாக வந்து சேர்ந்திருக்கின்றன.

மெட்டு கிடைத்தது, வாக்கு நிறைவேறியது, மைக்கிலிருந்து விடுதலை. ஆனால் புதுச் சிக்கல். நாய் துரத்துகிற மெட்டுக்கு மணப்பெண் எப்படி மெல்ல நடந்து வருவாள்? போனில் வேகத்தைக் குறைத்துப் போட்டுப் பார்த்தோம். ஜலதோஷம் பிடித்த ஆள் ஊதுகுழல் வாசிப்பது போல இருந்தது.

“ஓடிடலாம்ப்பா” என்றாள் மகள்.

“நானா?”

“நீதான். நானும்தான்.”

ரகசியம் உடைந்துவிட்டபடியால் சம்பந்தியம்மா முழு மூச்சாக உள்ளே வந்துவிட்டார். கூடத்தைக் காலடியால் அளந்து, மேசைகளைச் சுற்றி ஒரு பாதை வரைந்து, கழுத்தில் விசிலும் கையில் ஸ்டாப்வாட்சுமாக ஒத்திகை நடத்தினார். முதல் பாதியில் அப்பாவும் மகளும் ஒரு சுற்று ஓடி மாப்பிள்ளையிடம் வந்துசேர வேண்டும். சீட்டி வந்ததும் மாப்பிள்ளையும் சேர்ந்து அடுத்த சுற்று.

“அண்ணா, நாலு நொடி லேட்டு. வண்டியா இருந்தா மெமோ குடுத்திருப்பேன்.”

“வளைவுல கொஞ்சம்...”

“வளைவுல ஹாரன் அடிங்க, பிரேக் போடாதீங்க!”

விருந்து நாள் வந்தது. நூற்றிருபது பேர் என்று கணக்கு; வந்தது ஆயிரம் பேர் என்று நான் எழுதினால் அடிக்க வருவார்கள், ஆகவே நூற்றிருபது. விருந்தின் முடிவில் எல்லாருக்கும் நன்றி என்று இரண்டு வார்த்தையாவது பெண்ணின் அப்பா சொல்லியாக வேண்டும் என்று கூடத்துக்காரர் வற்புறுத்தி, நிதானத்தின் சட்டைக் காலரில் ஒரு குட்டி மைக்கை முன்கூட்டியே மாட்டிவிட்டிருந்தார். பெண்ணும் அப்பனும் மூடிய கதவுக்கு அந்தப் பக்கம். நாங்கள் எல்லாரும் இந்தப் பக்கம், கரண்டியும் தட்டும் பேச்சுமாக.

திடீரென்று ஸ்பீக்கரில் மகளின் குரல் கேட்டது.

“அப்பா, ஏன் என் கைய இப்படி நசுக்கற?”

“ஓடணுமேம்மா.”

“ஒரு தடவை மெதுவா முனகேன். நம்ம ஸ்பீடுல. யாருக்கும் கேக்காது.”

கூடத்தில் பேச்சு நின்றது. பிறகு கரண்டிகள் நின்றன. ஸ்பீக்கர் வழியாக, சட்டைத் துணி உரசுகிற சத்தத்தோடு, நிதானம் முனகத் தொடங்கினான். எலாஸ்டிக் வேகத்தில். முடி மூன்றாகப் பிரிந்து, ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, இறங்கிக்கொண்டே வந்தது. நடுவில் இரண்டு தாளம் அப்பாவுக்கு இடம் விட்டான். எங்கள் மேசையில் உட்கார்ந்திருந்த அக்கா அந்த இடத்தில் தலையைக் குனிந்துகொண்டாள். இழுவை, இழுவை என்று சொல்லிக்கொண்டிருந்த அவன் மனைவி கண்ணைத் துடைத்தாள். கேட்டால் தூசி என்பாள்.

கூடத்துக்காரர் பதறிப்போய் மைக்கை அணைக்கக் கை நீட்டினார். சம்பந்தியம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “என்ன அவசரம்? முடிக்கட்டும்” என்றார். அந்த அம்மாள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததை மாப்பிள்ளை இன்னும் நம்பவில்லை.

ரிப்பன் முடிச்சு விழுந்தது. விசில் ஒலித்தது. கதவு திறந்தது. அப்புறம் என்ன, தபால்காரரும் நாயும்தான்! மகள் ஒரு கையில் உடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். நிதானம், எங்கள் நிதானம், வளைவில் பிரேக் போடாமல் ஓடினான். பாதி வழியில் மகளின் ஒரு செருப்பு கழன்றுவிட, அதைத் தூக்கிக்கொண்டு அவன் மனைவி “நில்லுடி, நில்லுடி” என்று பின்னால் துரத்த, நாய் இல்லாத குறையும் தீர்ந்தது. சீட்டி வந்ததும் மாப்பிள்ளை குதித்தான். முரசு வந்தபோது சம்பந்தியம்மா, அவருடைய ஆறு உடன்பிறப்புகள், வாத்தியக் கடைக்காரர் எல்லாரும் மேசையைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். நானும் ஓடினேன். மூன்றாவதாக வந்தேன்.

மைக் விஷயத்தை அவனிடம் சொல்வதில்லை என்று நாங்கள் எல்லாரும் பேசிவைத்துக்கொண்டோம். தெரிந்தால் கூச்சத்தில் ஒரு வருடம் வீட்டைவிட்டு வெளியே வர மாட்டான். நூற்றிருபது பேரும் வாயைத் திறக்கவில்லை. நூற்றிருபது பேர் தான் முனகியதைக் கேட்டார்கள் என்பது இன்றுவரை அவனுக்குத் தெரியாது.

எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது எனக்கு வழக்கம். கடைசி வரிவரை படித்த பிறகுதான், என் வாஷிங் மெஷினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு அவனே அடுத்த அறையில் உட்கார்ந்திருப்பது நினைவுக்கு வந்தது. ஸ்க்ரூ டிரைவர் கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கழித்து, அவனுக்கே உரிய வேகத்தில், குரல் வந்தது:

“பெரியம்மா, அந்த இடத்த மட்டும் மாத்திடுங்க. அந்த மைக்ல பச்ச லைட்டு எரிஞ்சுக்கிட்டு இருந்தத நான் பாத்தேன். பாத்துட்டுதான் முனகினேன்.”